தாளம் இல்லாத அரைமணி நேரம்

அந்த டீக்கடை ரேடியோவுல வயலின் கேட்குதுல்ல தம்பி, அது நான்தான்.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். இருங்க, இப்ப ஒரு சுரத்தைக் கார்வையா இழுத்துப் பிடிச்சு மெல்ல மேல ஏறும். ஏறுதா? அது அடங்கிக் கீழ வர்றப்ப லேசா ஒரு இருமல் வரும், கவனமாக் கேளுங்க. வந்துச்சா? அந்த இருமலும் நான்தான். அப்ப பனிக்காலம், நெஞ்சு பூரா சளி. ரெக்கார்டிங் ரூம்ல இருமினா அழிச்சிட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுவாங்க. அன்னிக்கு நேரமில்லைன்னு அப்படியே விட்டுட்டாங்க.

பஸ் இனிமே நகராது. பையை மடியில வச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பார்க்காதீங்க. எல்லாக் கடையிலயும் ஷட்டரை இழுத்தாச்சு. டீக்கடைக்காரர் மட்டும் பாய்லரை அணைக்க மனசில்லாம நிக்கிறார். டெல்லியிலயோ மெட்ராஸ்லயோ யாரோ பெரியவர் போயிட்டார். யாருன்னு செய்தியில சொல்லுவாங்க. எனக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோகும். ரேடியோவுல இந்த சஹானா ராகம் ஆரம்பிச்சா ஆள் போயாச்சுன்னு அர்த்தம். கண்டக்டர் டிப்போவுக்குப் போன் பண்ணப் போயிருக்கார், வரட்டும். அதுவரைக்கும் நீங்களும் எங்கயும் போக முடியாது, நானும் போக முடியாது. சொல்றேன், கேளுங்க.

என் பேரு அருணகிரி. வானொலியில நிலைய வித்துவானா இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். நிலைய வித்துவான்னா பெரிய உத்தியோகம்னு நினைச்சிடாதீங்க. பாட வர்றவங்களுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசிக்கணும். அவர் சுருதி விட்டா நாம மூடி மறைக்கணும். நல்லாப் பாடினா பேரு அவருக்கு. கடைசியில "வயலின் அருணகிரி"ன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிடுவாங்க. அதுவும் நேரம் இருந்தாத்தான்.

தனியா வாசிக்க எனக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு வந்துச்சு. அரைமணி நேரம். ராகம், கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். அன்னிக்குப் பார்த்து மிருதங்கக்காரர் வரலை. முகூர்த்த நாள், எங்கயோ கல்யாணக் கச்சேரிக்குப் போனவர் அங்கயே சாப்பிட்டுப் படுத்துட்டார். அதிகாரி வந்து, "சும்மா உட்கார்ந்திருக்காதீங்க அருணகிரி, ஆலாபனையாவே வாசிச்சிடுங்க"ன்னுட்டார். தாளம் இல்லாம அரைமணி நேரம் சஹானா வாசிச்சேன். அந்த அரைமணியில என் உசுரு பூரா இருக்கு.

வினை அங்கதான் ஆரம்பிச்சுச்சு. துக்கத்துக்குத் தாளம் கூடாது, தெரியுமா? பாட்டும் கூடாது. வார்த்தை இருந்தா ஆளாளுக்கு ஒரு அர்த்தம் பண்ணிக்குவாங்க. வெறும் வாத்தியம், மெதுவா, மிருதங்கம் இல்லாம இருக்கணும். ஒரு தலைவர் போன அன்னிக்கு டியூட்டியில இருந்தவர் லைப்ரரியில தேடியிருக்கார். என் டேப்புதான் கையில கிடைச்சிருக்கு. அதுல துக்கத்துக்குன்னு ஒரு சீட்டு ஒட்டி, தனி அலமாரியில வச்சுட்டாங்க. அதோட சரி. சஹானா அழுகை ராகம் இல்லை தம்பி. உருக்கம் வேற, அழுகை வேற. சொன்னா யாருக்குப் புரியுது?

அப்புறம் என்னாச்சு, நாட்டுல ஒரு பெரியவர் தவறாம எல்லாருக்கும் நான்தான் வாசிச்சேன். வேற எல்லா நிகழ்ச்சியும் ரத்து. ஊரே லீவு. எங்க நிலையத்துல மத்த வித்துவான்களெல்லாம் கேன்டீன்ல உட்கார்ந்து பேப்பர் படிப்பாங்க. என் டேப்பு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். நம்ம ஊரு மட்டுமில்லை, தமிழ்நாட்டு நிலையத்துக்கெல்லாம் காப்பி எடுத்து அனுப்பிட்டாங்க. ஆனா பேரைச் சொல்ல மாட்டாங்க. சாவுல யார் பேரைச் சொல்றது? பேரைச் சொல்லலைன்னா ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? நாமதானே எடுத்துச் சொல்லணும். சொன்னேன். பால்காரர்கிட்ட சொன்னேன், ரேஷன் கடையில சொன்னேன். அது தப்பா?

தெருவுல என்னைப் பார்த்தாலே, "என்னய்யா, இன்னிக்கு யாரும் இல்லையே?"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. கல்யாணத்துக்குக் கச்சேரின்னு யாரும் கூப்பிடறதை விட்டுட்டாங்க. கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வைக்கிறவங்க கூட, "நீங்க வந்தாப் போதும், வாத்தியம் எதுக்குச் சிரமப்பட்டுத் தூக்கிட்டு வர்றீங்க"ன்னுவாங்க. சரி, போகட்டும். நான் சொல்ல வந்தது என் மக கதை. மக கதைன்னு சொன்னா அது ஒரு வருஷத்துக் கதைதான்.

என் மக மங்கையர்க்கரசி. மங்கைன்னு கூப்பிடுவோம். ஒரே பொண்ணு. அந்த வருஷம் தையில வரன் பார்க்க ஆரம்பிச்சோம். தை பொறந்தா வழி பொறக்கும்னு சொல்லுவாங்க. பொறந்துச்சு. குடியரசு தினத்துக்கு டெல்லி அணிவகுப்பு நேர்முக வர்ணனையைப் போட்டு முடிச்சோம். ஏத்தின கொடியோட மடிப்பு கலையறதுக்குள்ள அதை அரைக்கம்பத்துக்கு இறக்கிட்டாங்க. ஒரு பெரியவர் போயிட்டார். ஏழு நாள் துக்கம். அந்த ஏழு நாளுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை கும்பகோணத்துலேருந்து பொண்ணு பார்க்க வந்தாங்க. பையன் பேங்க்ல வேலை, நல்ல பையன். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆச்சு. நான் வாயை வச்சுக்கிட்டு, "ரேடியோ கேட்டீங்களா?"ன்னு மட்டும்தான் கேட்டேன். கேட்டோம்னாங்க. "வயலின் எப்படி?"ன்னேன். நல்லாயிருந்துச்சுன்னாங்க. அப்புறம் சொல்லாம எப்படி இருக்கறது? வந்த தகவல் ரெண்டே வரி. சாவுக்கு வாசிக்கிற வீட்டுல சம்பந்தம் பண்ணிக்க அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கு மனசில்லையாம்.

மங்கை பாத்திரம் தேய்க்கப் போயிடுச்சு. எங்க வீட்டுக்காரி சம்பூர்ணம்தான், "தவளை தன் வாயால கெடும்"னா. அவ எப்பவும் அப்படித்தான் பேசுவா.

அப்புறம் எலெக்ஷன் வந்துச்சு. வெயில்ல நாடே கத்திக்கிட்டுக் கிடந்துச்சு. ஓட்டுப் போடற அன்னிக்கு லீவு, ஓட்டு எண்ணுற அன்னிக்கு விடிய விடிய முடிவு சொல்லுவாங்க. எங்களுக்கு வேலையே இல்லை. அப்பதான் மங்கை மெதுவா என் பக்கத்துல வந்து உட்கார்ந்துச்சு. "அப்பா, நிலையத்துக்குப் புதுசா ஒரு அதிகாரி வந்திருக்காராமே. அந்த டேப்பை எடுத்துட்டு வேற ஏதாவது போடச் சொல்லி ஒரு வார்த்தை கேளுங்களேன்"னுச்சு.

போய்க் கேட்கத்தான் போனேன். அந்த அதிகாரி தங்கமான மனுஷன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "வீணை அம்மா ஒண்ணு புதுசா ரெக்கார்டு பண்ணிக் கொடுத்திருக்காங்க, உங்க டேப்பு தேய்ஞ்சு போச்சு, மாத்திடலாமா?"ன்னு கேட்டார். வீணை அம்மான்னா எங்க நிலையத்துலயே இன்னொரு வித்துவான். நல்லா வாசிப்பாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா நீங்களே சொல்லுங்க, வீணை நாதம் நிக்குமா? மீட்டின உடனே செத்துப்போகும். நாடு துக்கத்துல இருக்கும்போது நாதம் இழுத்துப் பிடிச்சு நிக்க வேண்டாமா? இது சொந்த விஷயம் இல்லையே, தேசத்து விஷயம். "டேப்பு தேய்ஞ்சிருந்தா மெட்ராஸ்ல நல்ல காப்பி இருக்கு சார், எழுதிப் போட்டு வரவழைச்சிடுங்க"ன்னேன். வீட்டுக்கு வந்து, அதிகாரி ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டேன். பிள்ளை மனசு நோகக் கூடாதுல்ல?

ஆகஸ்ட் மாசம் கரூர்லேருந்து இன்னொரு இடம் வந்துச்சு. ஜாதகம் பொருந்தி, போட்டோ பார்த்து, எல்லாம் ஆயிடுச்சு. சுதந்திர தினத்தன்னிக்கு எல்லாரும் மிட்டாய் சாப்பிட்டாங்க. மிட்டாய் கரையறதுக்குள்ள இன்னொருத்தர் போயிட்டார். மறுபடி கொடி இறங்குச்சு, மறுபடி லீவு. டவுன் பஸ்ல ஏறினேன். டிரைவர் பக்கத்துல ஒரு டிரான்சிஸ்டர் வச்சிருந்தார், அதுல என் சஹானா. பக்கத்து சீட்டுல ஒரு வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு வந்தார். அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். பின் சீட்டுல கரூர் சம்பந்தி உட்கார்ந்திருக்கார்னு நான் கண்டேனா? துக்கம் விசாரிக்க எங்கயோ போயிட்டு வந்தவராம். அந்த இடமும் தட்டிப்போச்சு.

அந்தத் தடவை மங்கை அழுதுச்சு. சத்தம் போட்டு அழற பிள்ளை இல்லை. சோறு வடிச்சுக்கிட்டே அழும். கஞ்சி ஆவியில கண்ணு கலங்குதுன்னு நான் நினைச்சிருந்தேன், சம்பூர்ணம் சொல்லித்தான் தெரியும்.

காந்தி ஜெயந்தி லீவுல எல்லாரும் வீட்டுல இருந்தோம். புதுக்கோட்டையிலேருந்து மூணாவது வரன் வந்திருந்துச்சு. பையன் பாஸ்கரன், மின்சார வாரியத்துல இருந்தான். மங்கைக்கு அவனைப் பிடிச்சிருந்துச்சு. அது வாயால சொல்லலை. போட்டோவை எடுத்து சாமி அலமாரியில வைக்கிறேன்னு சொல்லிட்டு அங்கயே நின்னுக்கிட்டிருந்துச்சு. அப்புறம் என் முன்னாடி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடிச்சுத் தன் தலையில வச்சுக்கிச்சு. "அப்பா, கல்யாணம் முடியற வரைக்கும் அந்த டேப்பு உங்களுதுன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

தலையில கை வச்சுச் செஞ்ச சத்தியம் தவறினா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணினேன். பண்ணின நிமிஷத்துலேருந்து எனக்குத் தொண்டையில மீன்முள் மாட்டின மாதிரி இருந்துச்சு.

அந்தச் சமயத்துல டெல்லியில ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்க. தினம் பேப்பர்ல, உடல்நிலை கவலைக்கிடம்னு போடுவான். மறுநாள் முன்னேற்றம்னு போடுவான். எனக்குத் தூக்கம் போச்சு. நிச்சயதார்த்தம் ஐப்பசி கடைசியில. அதுவரைக்கும் அந்த மனுஷன் தாங்கணுமே. எனக்கும் அவர் கட்சிக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போய் அவர் பேருக்கு அர்ச்சனை பண்ணினேன். குருக்கள், "நட்சத்திரம்?"ன்னார். எனக்கு எப்படித் தெரியும்? "உங்களுக்கு என்ன உறவு?"ன்னார். "சம்பந்தி மாதிரி வச்சுக்குங்களேன்"னேன். குருக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு சாமி பேருக்கே பண்ணிட்டார். கோயில் வாசல்ல இருந்த கட்சிக்காரங்க ரெண்டு பேர் அன்னிலேருந்து எனக்கு வணக்கம் வைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

தீபாவளி நல்லபடியாப் போச்சு. அவரும் தாங்கினார். நிச்சயதார்த்தத்தன்னிக்குக் காலையில புதுக்கோட்டை பஸ்ல வந்து இறங்கினாங்க. பையன், பையனோட அம்மா, தாய்மாமன் சிவக்கொழுந்து, இன்னும் அஞ்சாறு பேர். பையனுக்கு அப்பா இல்லை, அப்பா ஸ்தானத்துல மாமன்தான். அவர் ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆனவர். மார்கழி வந்தா மெட்ராஸ் போய் சபா சபாவா ஏறி இறங்கறவர். சங்கீதம் தெரிஞ்ச குடும்பம்னு எனக்குச் சந்தோஷம். நான் நிலைய வித்துவான்னு மட்டும் அவங்களுக்குத் தெரியும். தாம்பாளத்துல வெத்தலை, பாக்கு, பழம், புடவை எல்லாம் பரப்பியாச்சு. நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு, காப்பி குடிக்கலாம்னு உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு ரேடியோவுல சினிமாப் பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. பாதிப் பாட்டுல நின்னுச்சு.

நின்ன உடனே நான் காப்பி டம்ளரைக் கீழ வச்சுட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் என் சஹானா.

பையனோட அம்மா நல்லவங்கதான், கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். "இந்த நேரத்துல தட்டு மாத்த வேண்டாம் சம்பந்தி. நாளைக்கும் நாள் நல்லாத்தான் இருக்கு. காலையில மாத்திக்கிட்டு முதல் பஸ்ல கிளம்பிடறோம்"னாங்க. வெளியில அதுக்குள்ள கடையெல்லாம் சாத்தியாச்சு. பஸ்ஸை எல்லாம் டிப்போவுக்குள்ள விட்டுட்டாங்க. நாலுமுக்கு ரோட்டுல டயரைக் கொளுத்திப் போட்டிருக்காங்கன்னு ஆள் வந்து சொன்னான். யாரும் எங்கயும் போக முடியாது. எங்க வீடு ரெண்டு ரூம். ஆம்பளைங்க முன் ரூம்ல, பொம்பளைங்க உள்ளே. பஸ் எப்ப விடுவாங்கன்னு ரேடியோவுலதான் சொல்லுவாங்க. அதனால எங்க வீட்டு ரேடியோவையும் போட்டாகணும். சிவக்கொழுந்து ரேடியோவை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கிட்டார்.

அப்புறம் ஆரம்பிச்சுச்சு எனக்கு நரகம்.

செய்தி, சஹானா. செய்தி, சஹானா. நடுவுல வேற ஏதோ ஷெனாய் கொஞ்சம் போட்டாங்க, அது ஒண்ணும் சுகமில்லை. சிவக்கொழுந்து கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடிச்சு, "ஆகா"ன்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "யாருன்னு தெரியுதா?"ன்னு என்னைக் கேட்டார். சமையக்கட்டு வாசல்ல மங்கை நிக்குது. நான் தெரியலைன்னேன். "என்னங்க நீங்க, வயலின்காரர், இதைக் கூடக் கண்டுபிடிக்க முடியலையா? இது பூந்தோட்டம் அமிர்தலிங்கம்"னார்.

தம்பி, அமிர்தலிங்கம் யாருன்னு தெரியுமா? என் கூட ஒரே குருநாதர்கிட்ட படிச்சவன். அவன் மெட்ராஸ் போய்க் காரு வாங்கினான். நான் நிலையத்துல மாட்டினேன். அவனுக்குச் சஹானா வராது. குருநாதரே சொல்லுவார், "அமிர்தலிங்கத்துக்குக் கை வேகம் உண்டு, நிதானம் கிடையாது"ன்னு.

அவனும் நானும் கூடப் படிச்சவங்கன்னு மட்டும் சிவக்கொழுந்துகிட்ட சொன்னேன். என் மக தலை மேல ஆணையாச்சே. இடது கை விரல் மட்டும் தொடை மேல தானா ஓடிக்கிட்டிருந்துச்சு, அதை நான் என்ன பண்ண முடியும்? அடுத்த பிடி வர்றதுக்கு முன்னாடி வாய் தானா முணுமுணுக்குது. "இப்பப் பாருங்க, மேல போகாம பாதியில நிப்பான்"னு ஒரு தடவை சொன்னேன், அதுவும் பொதுவா. நின்னுச்சு. பையனோட அம்மா திரும்பிப் பார்த்தாங்க. அந்த இருமல் வேற இருக்கே. எனக்கு அப்பவும் அதே இருமல். ரேடியோவுல இருமல் வந்தாக் காட்டிக் கொடுத்துடும்னு, அது வர்ற நேரம் பார்த்து நானும் கூடச் சேர்ந்து இருமினேன். ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை, டேப்பு ஓடினப்பவெல்லாம். பையன் பாஸ்கரன் எழுந்து போய் எனக்குச் சுக்குக் காப்பி போடச் சொல்லிட்டு வந்தான். அவ்வளவு மரியாதையான பையன்.

அன்னிக்கு முழுக்க அப்படி. ராத்திரி யாரும் சரியாத் தூங்கலை. மறுநாள் காலையில முதல் பஸ் ஓடும்னு நினைச்சோம், ஓடலை. பால் வரலை, கடுங்காப்பிதான். அந்தம்மா, "பஸ்ஸும் இல்லை, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. இப்படி ஒரு நாள்ல தட்டு மாத்தணுமா? மத்தியானத்துக்கு மேல பார்ப்போம்"னாங்க. தாம்பாளத்துப் பூவெல்லாம் வாடிப்போய் சம்பூர்ணம் தண்ணி தெளிச்சு தெளிச்சு வச்சா. மங்கை அதே பட்டுப்புடவையோட அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டிருந்துச்சு. டேப்பு ஆரம்பிச்சா வந்து கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், என் வாயைப் பார்க்கும். முடிஞ்சா உள்ளே போகும். அடுப்புல ரசம் பொங்கி வழிஞ்சு அணைஞ்சு போனது கூட அதுக்குத் தெரியலை.

நான் சிவக்கொழுந்துகிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டேன். "ஏங்க, மெட்ராஸ்காரராத்தான் இருக்கணுமா? நம்ம பக்கத்து வித்துவான் யாராவது வாசிச்சிருக்கக் கூடாதா?" இது கேட்கக் கூடாத கேள்வியா? ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவர் சிரிச்சார். "உங்க ஊர்ல யாருங்க இருக்கா?"ன்னார்.

உங்க ஊர்ல யாருங்க இருக்கா. என் வீட்டுல, என் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, என் வாசிப்பைக் கேட்டுக்கிட்டு என்னையே கேட்கறார். எழுந்து கொல்லைப்பக்கம் போய் ஒரு செம்புத் தண்ணியை முகத்துல ஊத்திக்கிட்டு வந்தேன். வந்து, "குத்தம் சொல்லலை. ஆனா அமிர்தலிங்கத்தோட வில் இப்படிப் பேசாது. இது பட்டுத் தேறின கை"ன்னேன். அவ்வளவுதான். பேரைச் சொல்லலையே. அவர், "நீங்க பக்கவாத்தியம், உங்களுக்கு அவ்வளவு தூரம் தெரிய நியாயமில்லை"ன்னார்.

மத்தியானம் சாப்பாடு ஆச்சு. அந்தம்மா, "சரி, நாலு மணிக்கு மேல நேரம் நல்லாயிருக்கு, மாத்திடலாம்"னு சொல்லிட்டாங்க. சம்பூர்ணம் முகத்துல அப்பத்தான் ரத்தம் வந்துச்சு. தாம்பாளத்தை நடுவுல கொண்டாந்து வச்சா. இன்னும் கொஞ்ச நேரம்தான், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் வாயைக் கட்டியிருந்தாப் போதும். கட்டித்தான் இருந்தேன். சிவக்கொழுந்து அப்ப சொன்னார், "ஊருக்குப் போனதும் முதல் வேலையா அமிர்தலிங்கத்துக்கு ஒரு கடுதாசி போடணும். என் ஆயுசுல இப்படி ஒரு சஹானா கேட்டதில்லைன்னு எழுதணும். நீங்க கூடப் படிச்சவர்தானே, விலாசம் இருக்குமே?"

"இருக்கு"ன்னேன். "மங்கை, மேஜை மேல தாளும் பேனாவும் இருக்கும், எடுத்துட்டு வாம்மா"ன்னேன். அவனுக்கு நானே விலாசம் எழுதிக் கொடுக்கறதுன்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். பிள்ளைக்காக அதையும் செய்ய இருந்தேன். பெத்தவன் வேற என்ன செய்ய முடியும்? கண்ணுல தண்ணி நின்னுச்சு, அது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.

மங்கை வந்துச்சு. கையில தாளும் இல்லை, பேனாவும் இல்லை. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே வந்து தாம்பாளத்துக்கு இந்தப் பக்கம் நின்னுச்சு.

"மாமா, அமிர்தலிங்கத்துக்கு எழுத வேண்டாம். இது எங்கப்பா வாசிச்சது. இந்த வருஷம் மூணு சாவுக்கும் எங்கப்பாதான். இதனாலதான் முன்னாடி ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இருமலைக் கேட்டீங்கள்ல, அதே இருமல்தான்."

நிதானமாச் சொல்லுச்சு. பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற மாதிரி. ரேடியோ மட்டும் பேசிக்கிட்டிருந்துச்சு. பாஸ்கரன் மங்கையைப் பார்த்தான், அப்புறம் அவங்க அம்மாவைப் பார்த்தான், அதோட தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அந்தம்மா தாம்பாளத்துலேருந்து தாங்க கொண்டுவந்த புடவையை மட்டும் எடுத்துப் பைக்குள்ள வச்சாங்க. கோபமாக் கூட இல்லை. "அண்ணே, கிளம்பலாம்"னாங்க.

"பஸ் இல்லையேம்மா"ன்னு சம்பூர்ணம் கெஞ்சினா.

"நடந்து போறோம். வழியில ஏதாவது லாரி வரும்."

ரோட்டுல டயர் எரிஞ்சுக்கிட்டிருந்த நாள் தம்பி. எங்க வீட்டுல இருக்கறதை விட அது மேல்னு இறங்கிப் போனாங்க, பட்டுப்புடவையும் செருப்புமா. சிவக்கொழுந்து மட்டும் கடைசியா எழுந்தார். துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு என் பக்கத்துல வந்து, என் இடது கையைப் பிடிச்சு விரலைப் பார்த்தார். "நல்ல கை"ன்னார். சொல்லிட்டுப் போயிட்டார். தமிழ்நாடே கேட்டுச்சு, ஒருத்தர் கூட என் கையைப் பிடிச்சுப் பார்த்ததில்லை. இன்னிக்கு நினைச்சாலும் மனசு நிறைஞ்சுபோகும். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த வருஷத்தையே மறந்துடலாம்.

சம்பூர்ணம்தான் மறக்கலை. ரெண்டு நாள் என்னோட பேசலை.

அன்னிக்குச் சாயங்காலம் மங்கைகிட்ட கேட்டேன். அது அடுப்படியில பாத்திரத்தை எல்லாம் ஒதுங்க வச்சுக்கிட்டிருந்துச்சு. "ஏம்மா இப்படிப் பண்ணினே? நான் சத்தியத்தைக் காப்பாத்திக்கிட்டுத்தானே இருந்தேன்? இன்னும் அரைமணி போயிருந்தாத் தட்டு மாத்தியிருப்பாங்களே?"

அது திரும்பிக் கூடப் பார்க்கலை. "ரெண்டு நாளா நீங்க எப்பச் சொல்லிடுவீங்களோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நின்னேன்ப்பா. இன்னிக்குத் தப்பிச்சாலும் கல்யாணத்தன்னிக்குச் சொல்லுவீங்க. அன்னிக்கு இல்லைன்னா வளைகாப்புல. நாட்டுல பெரியவங்களுக்கா பஞ்சம்? ஒவ்வொருத்தருக்கும் உடம்பு சரியில்லைன்னு பேப்பர்ல வர்றப்பவெல்லாம் நான் அந்த வீட்டுல நடுங்கிக்கிட்டே இருக்கணும். என்னால முடியாது. அதுக்கு இங்கயே இருந்துடறேன்."

சொல்லிட்டுச் சாப்பிட உட்கார்ந்துச்சு. அந்த ரெண்டு நாள்ல அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டுச்சு. அதுக்கப்புறம் அது யாரையும் பொண்ணு பார்க்க வரவிடலை. நர்சரி ஸ்கூல்ல டீச்சரா இருக்கு. வீட்டுக்கு யாராவது வந்து நான் பேச்செடுத்தா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கும். முடியெல்லாம் நரைக்க ஆரம்பிச்சுடுச்சு.

எனக்கு ஆறவே ஆறலை தம்பி. கல்யாணம் நின்னதை விட அது சொன்னதுதான் ஆறலை. அதோட தலை மேல ஆணை வச்சேன். ரெண்டு நாள் நாக்கைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் பார்த்துட்டு, நான் சொல்லிடுவேன்னு அது பயந்துச்சாம். பெத்த அப்பனைப் பத்தி இப்படி ஒரு நினைப்பு பிள்ளைக்கு எங்கிருந்து வந்துச்சு? நீங்க படிச்சவர் மாதிரி தெரியுது, நீங்களே சொல்லுங்க. நான் வாயே திறக்கலையே. நான் யார்கிட்ட சொன்னேன்?